அம்மா போட்ட ஆறு மார்க்

போன வாரம் மாலதியை மாட்டுங்கா உள்ளரங்கத்தின் வாசலில், கையில் பேனாவோடு நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். கால் கடுத்திருக்கும். முதலில் அவளை உள்ளே அனுப்பிவிடுவோம்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாலதி ஒரு காலத்தில் இந்தியாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவள். தாராவியில் பிறந்து, பந்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவள். பன்னிரண்டு வருடமாகத் தேசிய மகளிர் அணியின் தேர்வுக் குழுவில் ஐந்து பேரில் ஒருத்தி. அடுத்த மாதம் பாங்காக்கில் ஆசியப் போட்டி. முகாமில் இருப்பது பதினாறு பெண்கள், விமானம் ஏறப்போவது பன்னிரண்டு பேர். அந்தப் பதினாறில் ஒருத்தி மாரிசெல்வி. வயது இருபத்திரண்டு. மாலதியின் சொந்த மகள்.

"என் மகள் ஆடுகிறாள், எனக்கு விலக்கு கொடுங்கள்" என்று முகாமின் முதல் நாளே மாலதி கடிதம் கொடுத்தாள். குழுவின் தலைவர் ஒரு ஓய்வு பெற்ற கர்னல். கடிதத்தைப் படித்து, நாலாக மடித்து, அவளிடமே நீட்டினார்.

"மாலதிஜி, உங்களை நம்பாமல் யாரை நம்புவது? எல்லோருக்கும் மார்க் போடுங்கள்."

அங்கே தொடங்கியது வினை.

குழுவில் ஐந்து பேரும் தினமும் பத்துக்கு இத்தனை என்று ஒவ்வொருத்திக்கும் மார்க் போட வேண்டும். ஆறு நாள். இன்று ஆறாவது நாள். ஐந்து நாளும் மாலதி தன் மகளுக்குப் போட்ட மார்க் ஆறு, ஆறு, ஆறு, ஆறு, ஆறு.

அவள் கண்ணால் பார்த்தது என்னவோ எட்டு.

ஏன் அப்படிப் போட்டாள் என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் "உங்க பொண்ணு நல்லா ஆடுதாளாமே" என்றால் "ஆமா, ஆடிக் கிழிச்சா" என்பதுதானே நமக்கு மரியாதை? பெற்ற பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் நாமே மெச்சினால் அகம்பாவம். கண் பட்டுவிடும் வேறு. மாலதிக்கு அது ரத்தத்தில் ஊறின பழக்கம். நாக்கில் இருந்தது பேனாவுக்கும் இறங்கிவிட்டது.

காலை பத்து மணிக்குக் கடைசிப் பயிற்சி ஆட்டம் தொடங்கியது.

மாரிசெல்வி ஒரு பக்கம், பரீஹா எதிர்ப்பக்கம். இரண்டு பேரும் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்கள். இரண்டு பேரும் தாராவியில், மாலதி ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிற சிமென்ட் தரையில் ஆடிப் பழகியவர்கள். பரீஹாவின் வாப்பா ஜெயினுலாப்தீன், அங்கே பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். இன்று பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து மேலே கேலரியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலேயே மாலதியின் கணவன் இசக்கிதுரை. குர்லாவில் கிரில் கேட் அடிக்கிற ஆள். இரண்டு அப்பன்களும் ஒரே பொட்டலத்துக் கடலையைக் கொறித்துக்கொண்டு, மகள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பகுதி முடிய இன்னும் சில வினாடிகள். மாரிசெல்வி பந்தோடு நடுவில் வந்தாள். முன்னால் இரண்டு பேர் மறித்தார்கள். இடது பக்கம் பார்த்தாள். மறித்தவர்களும் இடது பக்கம் பார்த்தார்கள். அந்தக் கண் சிமிட்டுகிற நேரத்தில் பந்து வலது பக்கமாக, இரண்டு பேருக்கும் நடுவே தரையில் ஒரு தட்டு தட்டி எழும்பி, கூடைக்கு அடியில் ஓடிவந்த பெண்ணின் கையில் போய் விழுந்தது. அவள் சும்மா கையைத் தூக்கிப் போட்டாள். கூடை.

மாலதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்தப் பந்தை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற பந்து இல்லை அது. 'என் வயித்துல பிறந்தவளா இது?' என்று ஒரு பெருமை கிளம்பி, முகம் வரைக்கும் வந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு குழு உறுப்பினர், டெல்லிக்காரர், திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

அவ்வளவுதான். மாலதி சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். குனிந்து, மாரிசெல்வி பெயருக்கு நேரே எழுதினாள்: ஆறு.

ஆட்டம் முடிந்ததும் வெளியே டீக் கடையில் இசக்கிதுரை பிடித்துக்கொண்டான்.

"ஏளா, எத்தன போட்ட?"

"அதெல்லாம் வெளிய சொல்லப்படாது."

"எங்கிட்டயா வெளிய? அந்தப் பந்தப் பாத்தியா இல்லையா? ஜெயினுலாப்தீன் அண்ணன் அவரு மகளுக்கு எதிரா விழுந்த கூடைக்கு எந்திரிச்சு நின்னுட்டாரு. நீ என்னன்னா கரண்ட் பில்லு கட்ட வந்தவ மாதிரி உக்காந்திருக்க."

"நம்ம பிள்ளைய நாமளே தூக்கி வச்சா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"அந்த நாலு பேரும் அவிய பாத்தத எழுதுதாவ. நீ ஒருத்திதான் பாக்காதத எழுதுத."

இசக்கிதுரை வெல்டிங் அடிக்கிறவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் இப்படித்தான் நெருப்பு பறக்கும். மாலதி டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் அவளோடு மாடிப்படி ஏறி, கூட்டம் நடக்கிற அறைக்குள்ளும் வந்துவிட்டது.

மத்தியானம் மூன்று மணி. நீள மேஜை. ஐந்து பேர். குழுவின் செயலாளர் பத்ரிநாராயணன் கூட்டல் தாளை விரித்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து, வங்கியில் ஓய்வு பெற்று, இன்னமும் எல்லாவற்றையும் மூன்று தடவை கூட்டிப் பார்க்கிற மனிதர்.

பதினோரு பெயர் இருபது நிமிடத்தில் முடிந்தது. யாருக்கும் மறுப்பு இல்லை. பன்னிரண்டாவது இடத்துக்கு வந்ததும் பத்ரிநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பரீஹா, இருநூற்றி இருபத்தொன்று. மாரிசெல்வி, இருநூற்றிப் பதினைந்து."

மாலதி தரையைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ குறைத்தால் என்ன ஆகிவிடும், எப்படியும் மகள் வந்துவிடுவாள் என்று அவள் நினைத்திருந்தாள். மற்ற நாலு பேரும் கண்ணுள்ளவர்கள்தானே, அவர்கள் போடுவார்கள், நான் அடக்கமாக இருந்துகொள்கிறேன் என்று நினைத்திருந்தாள். அந்த அடக்கம் இப்போது ஆறு மார்க்காக மேஜைமேல் கிடந்தது.

டெல்லிக்காரர் இழுத்தார். "எனக்கென்னவோ மாரிசெல்வி கொஞ்சம் மேலே என்று தோன்றியது. இன்று கொடுத்த அந்தப் பந்து..."

கர்னல் சிரித்தபடி கை உயர்த்தினார். "எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு மாலதிஜியின் தாளைப் பார்த்தேன். ஆறு நாளும் ஆறு. பெற்ற தாயே ஆறு போடுகிறாள் என்றால் நமக்குத் தெரியாத குறை ஏதோ அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அவரைவிட அவளை யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மரியாதையோடு ஆட்டினார்கள். அதுதான் மாலதியைக் கொன்றது.

தாராவியிலோ செம்பூரிலோ எந்த வீட்டில் போய் "என் பிள்ளை சுமார்தான்" என்று சொன்னாலும் கேட்கிறவன் இரண்டு படி கூட்டிக்கொண்டுதான் கேட்பான். இந்த மேஜையில் அப்படிக் கூட்டிக் கேட்க ஆள் இல்லை. ஆறு என்றால் ஆறு. அவள் சபை நாகரிகம் என்று நினைத்து எழுதினதை இவர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தன் மகளுக்கு எதிராகத் தானே ஆறு நாள் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கர்னல் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

வாயைத் திறந்தால் என்ன சொல்வார்கள்? கடைசி நேரத்தில் மகளுக்காக மார்க்கை மாற்றச் சொன்னாள் என்பார்கள். பன்னிரண்டு வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் போகும். பரீஹாவும் இவள் வளர்த்த பிள்ளைதான். கையில் கிடைத்ததை அவளிடமிருந்து பிடுங்குவதா? பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மாரிக்கு வயசு இருக்கிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால், நீ ஒருத்திதான் பாக்காதத எழுதுத.

"சார், ஒரு நிமிஷம்." மாலதி எழுந்துவிட்டாள். இந்தியில் பேசினாள். "என் தாள் பொய்."

"என்ன?"

"நான் பார்த்ததை எழுதவில்லை. என் மகள் என்பதால் குறைத்து எழுதினேன். தினமும். நீங்களெல்லாம் தப்பாக நினைத்துவிடுவீர்கள் என்று பயந்து எழுதினேன். மார்க்கைக் கூட்டித் தரச் சொல்லவில்லை, சார். அந்த உரிமை எனக்கு இல்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் நான் போட்டதை எடுத்துவிடுங்கள். நீங்கள் நாலு பேர் போட்டதை மட்டும் கூட்டுங்கள்."

கர்னலின் முகம் சிவந்தது.

"குறைத்துப் போட்டாலும் பொய்தான் மாலதிஜி. கூட்டிப் போட்டாலும் பொய்தான்."

"ஆமாம் சார்."

பத்ரிநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டார். தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஏம்மா இப்படிப் பண்ணேள்? நம்மாத்துல நாம பண்றதெல்லாம் இவாளுக்கு எப்படிம்மா புரியும்? இதை முதல் நாளே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கப்படாதா?"

"எனக்கே இப்பதான் சார் புரிஞ்சுது."

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். மாலதியின் எண்களை அடித்தார். கூட்டினார். மறுபடி கூட்டினார். மூன்றாவது தடவையும் கூட்டினார்.

"நூற்றி எழுபத்தொன்பது," என்றார். "இரண்டு பேருக்கும்."

டெல்லிக்காரர் "அரே பாப் ரே" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

கர்னல் எழுந்து நின்று, உத்தரவு வாசிக்கிற குரலில் சொன்னார். நாளை காலை எட்டு மணிக்கு இரண்டு பெண்களும் மறுபடி ஆட வேண்டும். நாலு பேர் பார்ப்போம். நாளைக்கே முடிவு. மாலதிஜி இன்றோடு இந்தக் குழுவில் இல்லை.

"விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்," என்றார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்தார். "முதல் நாள் நீங்கள் கொடுத்த கடிதத்தை நான் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது."

மாலதி எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு வருடம், நாலு வரி. கீழே இறங்கும்போது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

வாசல் படியில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு அப்பன்கள். சேதி அதற்குள் எப்படியோ இறங்கி வந்துவிட்டிருந்தது. அரைகுறையாக, வாலும் தலையும் மாறி.

மாரிசெல்வி எழுந்து வந்தாள். முகம் கொதித்தது. "யம்மா, க்யா கியா துனே? என்ன பண்ணிட்ட? எனக்காகப் போயி கெஞ்சுனியா? மார்க் மாத்தச் சொன்னியா? எல்லாவனும் சொல்லுதான். எனக்கு இந்த டீமே வேண்டாம், போ!"

"கெஞ்சல. உக்காரு." மாலதி பரீஹாவையும் பார்த்தாள். "நீயும் கேளும்மா. ரெண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதுதான்."

சொன்னாள். ஒளிக்காமல், தன்னைத் தாங்கிப் பேசாமல், ஆறு நாளையும் சொன்னாள்.

மாரிசெல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ வந்தது. அதைப் பார்க்க மாலதிக்குக் கோபமே தேவலாம் போல இருந்தது.

"நீ பாத்தது எத்தன?"

"எட்டு."

"ஆறு நாளும் எட்டா?"

"இன்னைக்கு ஒம்பது."

மாரிசெல்வி திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பரீஹாதான் முதலில் பேசினாள். "ஆன்ட்டி, எனக்குப் போட்டது?"

"ஏழு."

"அது நிஜ ஏழா? இல்ல அதுலயும் ஏதாச்சும் கோல்மாலா?"

"நிஜ ஏழும்மா. சத்தியமா."

பரீஹா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "டீக் ஹை, சரி. நைட் பூரா தூங்கி எந்திரிச்சி நாளைக்கு ஒம்பது ஆக்கிடுதேன்." மாரியின் முதுகில் ஒரு அடி வைத்தாள். "ஏய், அழுதுட்டு வந்து ஆடாத. ஜெயிச்சா எனக்கு மஜா இருக்காது."

மாரிசெல்வி அழுகைக்கு நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன்ன ஓட விடுதேன் பாரு," என்றாள்.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஜெயினுலாப்தீன் தேறவில்லை. அவர் படியிலிருந்து எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா எம் புள்ள பேரு லிஸ்ட்ல இருந்திருக்கும், இல்ல தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"ம்," என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இசக்கிதுரை "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே பத்தடி ஓடிவிட்டு, திரும்பி வந்தான். கையில் கடலைப் பொட்டலம் அப்படியே இருந்தது.

வீடு செம்பூரில். மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, செம்பூர் போகிற ஹார்பர் வண்டியைப் பிடித்தார்கள். இசக்கிதுரை ஆண்கள் பெட்டிக்குப் போனான். அம்மாவும் மகளும் பெண்கள் பெட்டியில் ஏறினார்கள். ஆறரை மணிக் கூட்டம். உட்கார இடம் கிடைக்கிற பேச்சே இல்லை. ஒருத்தி நின்றபடியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருத்தி கைப்பேசியில் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி நகர்ந்தது. மாரிசெல்வி மேலே தொங்கிய பிடியைப் பற்றிக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமலே கேட்டாள்.

"நாளைக்கு நீ கமிட்டில இல்லல்ல?"

"இனி எப்பவும் இல்ல."

"கமிட்டி போனதுல வருத்தமா?"

"இருக்கு," என்றாள் மாலதி. "இல்லன்னு சொன்னா அதுவும் பொய்யாயிரும்."

"சரி. அப்ப இப்ப சொல்லு. இங்க கமிட்டிக்காரன் எவனும் இல்ல. எப்படி ஆடுனேன்?"

மாலதி வாயைத் திறந்தாள். பழக்கம் விடுமா? 'ஏதோ ஆடுன' என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள். விழுங்குவதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"அந்தப் பந்து இருக்கு பாரு," என்றாள், "மூணாவது பகுதில. இடது பக்கம் பாத்துட்டு வலது பக்கம் போட்டியே. நா எத்தனையோ வருசம் ஆடிருக்கேன். எனக்கு அது வராதுட்டி. எம்பாட்டுக்கு எந்திரிச்சி ஆடிருவனோன்னு பயமாப் போச்சி."

மாரிசெல்வி மெதுவாகத் திரும்பினாள். "நிஜமா?"

"கேளு, குறுக்க பேசாத. அதுக்கு முந்தி, ரெண்டாவது பகுதில பந்து கைய விட்டுப் போச்சில்ல, நீ தலையத் தொங்கப் போடாம பின்னால ஓடினியே, எனக்கு அதுதான் பெருசு. நேத்து அந்தக் கேரளத்துப் பிள்ளைய மறிச்சது இருக்கே..."

ஆரம்பித்தால் நிற்குமா? இருபத்திரண்டு வருடச் சரக்கு. கையை ஆட்டி, முழங்கையால் கீரைக்காரியை இடித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கையை ஆட்டிச் சொன்னாள். நேற்று, முந்தாநாள் என்று பின்னோக்கிப் போனாள். மாரிசெல்வி முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு "அது தப்பு, அன்னைக்கு நா ரெண்டு பேரத் தாண்டுனேன்" என்று திருத்தம் சொன்னாள். மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தவள் கைப்பேசியை இறக்கிவிட்டு இவர்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தாள்.

மாலதியின் கைப்பேசி அடித்தது. இசக்கிதுரை.

"ஏளா, பிளாட்பாரம் பூரா தேடுதேன். எங்க நிக்கிய ரெண்டு பேரும்?"

மாலதி வெளியே எட்டிப் பார்த்தாள். பெயர்ப் பலகை நின்றுகொண்டிருந்தது. செம்பூர் இல்லை, அதைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன்.

"கோவண்டி," என்றாள்.

"கோவண்டியா? அங்க என்ன சோலி?" பதிலுக்குக் காத்திராமல் குரலைத் தாழ்த்தினான். "ஜெயினுலாப்தீன் அண்ணன் போனே எடுக்க மாட்டேங்காரு. நாலு தடவ போட்டுட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளைய ஆட அனுப்புவாரா மாட்டாரான்னே தெரியல. சீக்கிரம் எறங்கி வாங்க."

வண்டி மறுபடி அசைந்தது. மாலதி கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள். மாரிசெல்வி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தது மான்குர்ட். அங்க எறங்கிக்கலாம்," என்றாள். "நீ இன்னும் மூணாம் நாளுக்கே வரல."